இன்னும் ஐந்தாண்டே ஓடவிருக்கும் காருக்கு எந்த ஸ்பார்க் பிளக் வாங்குவது?

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் என்னிடம் இருப்பது 2015ஆம் ஆண்டு பதிவான டொயோட்டா கொரோலா ஆல்டிஸ், 1.6 லிட்டர், 1இசட்ஆர்-எஃப்இ எஞ்சின். பத்தாண்டு முடிந்ததும், இங்கே கார் வைத்திருக்கக் கட்டாயமான வாகன உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறேன். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடியும் நீட்டிக்க முடியாது என்பதால் 2030இல் இந்தக் காருக்கு விடை கொடுத்தே ஆகவேண்டும். இதுவரை 138,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 2019இல் இரண்டாவது உரிமையாளராக வாங்கியதிலிருந்து எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்குகளைத் தொட்டதே இல்லை; முந்தையவர் மாற்றினாரா என்பதற்கும் எந்தச் சீட்டும் இல்லை.

மூன்று வாரங்களாகக் காலையில் முதல்முறை எஞ்சினை இயக்கும்போது அரை நிமிடம் குலுங்குகிறது. தீவு விரைவுச்சாலையில் ஏறும் வளைவில் மிதித்தால் முன்பு இருந்த இழுவை இல்லை. ஊபியில் ஒரு பட்டறையில் கேட்டதற்கு, நான்கு இரிடியம் பிளக்குகளுக்கும் கூலிக்கும் சேர்த்து 210 வெள்ளி என்றார்கள். இணையச் சந்தையிலோ அதே பெயர், அதே எண் போட்ட நான்கு பிளக்குகள் 32 வெள்ளிக்குக் கிடைக்கின்றன. ஐந்தாண்டில் கழிக்கப்போகிற காருக்கு இரிடியம் எதற்கு, சாதாரண நிக்கல் பிளக் போதுமே என்கிறான் என் மைத்துனன். எதை, எங்கே வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

தம்பி, சின் மிங் பக்கம் இருபத்தேழு ஆண்டுகள் பட்டறையில் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நிக்கலா இரிடியமா என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் எஞ்சினுக்கு உற்பத்தியாளர் குறித்திருக்கும் எண்ணைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினுக்கு டென்சோ நிறுவனத்தின் எஸ்சி20எச்ஆர்11 பொருந்தும். டொயோட்டா பெட்டியில் வந்தால் அதன் உதிரிபாக எண் 90919-01253. இருந்தாலும் என் சொல்லை மட்டும் நம்பி வாங்காமல், கார்க் கையேட்டையும், ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கானில் அச்சாகியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் வேறெதையாவது மாட்டியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

அந்த எழுத்துகளுக்கும் எண்களுக்கும் பொருள் உண்டு. கடைசியில் வரும் 11 என்பது மின்முனைகளுக்கு இடையே 1.1 மி.மீ. இடைவெளி. ஆர் என்பது உள்ளே மின்தடை இருப்பதைக் குறிக்கிறது. அது இல்லாத பிளக்கைப் போட்டால் வானொலியில் இரைச்சல் கேட்பதோடு, எஞ்சின் கணினிக்கும் இடையூறு வரலாம். 20 என்பது வெப்ப எண். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டென்சோவிலும் என்ஜிகே நிறுவனத்திலும் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை விரைவாக எஞ்சின் தலைக்கு (பிளக் திருகப்படும் மேல்பகுதிக்கு) கடத்திவிடுவது. பாஷ் நிறுவனத்திலோ கணக்கு தலைகீழ், எண் குறையக் குறையக் குளிர்ச்சி. டென்சோ 20க்கு ஈடு என்ஜிகேயில் 6. இது தெரியாமல் எண்ணை எண்ணோடு ஒப்பிட்டு வாங்கி வந்தவர்கள் பலரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரை சூடாக இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் கரி அடைக்கும். மேலே போனால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கு அது ஆபத்து. பந்தயக்காரர் குளிர்ந்த பிளக் போடுகிறார் என்று நாமும் போடக்கூடாது. அவர் ஓட்டுகிற வேகத்தில் நாம் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நிற்பதில்லை.

அடுத்து, உங்கள் மைத்துனருக்கான பதில். நிக்கல் பிளக் மட்டமான சரக்கு இல்லை. பழைய எஞ்சின்களில் முப்பதாயிரம் கி.மீ. வரை நன்றாகவே உழைக்கும். ஆனால் நிக்கல் உருகும் வெப்பம் 1,455 பாகை, பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. இரிடியம் அவ்வளவு கெட்டியான உலோகம் என்பதால்தான் நடு மின்முனையை ஊசிபோல மெல்லியதாகச் செய்தாலும் தேய்வதில்லை, முனை மெல்லியதாக இருப்பதால் பொறி பாயத் தேவைப்படும் மின்னழுத்தமும் குறைகிறது. ஆண்டுக்கு 16,000 கி.மீ. ஓட்டுவீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாண்டில் 80,000. ஒரு லட்சம் கி.மீ. உழைக்கும் நீண்டகால இரிடியம் ஒரு செட் போட்டால் கார் போகும் நாள்வரை மறுபடி அதைக் கழற்ற வேண்டியதில்லை. நிக்கல் போட்டால் இப்போது ஒரு முறை, பிறகு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் கூலி.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் ‘இரிடியம்’ என்று இருந்தாலே நீண்டகாலம் உழைக்கும் என்று எண்ணவேண்டாம். நடு முனையில் மட்டும் இரிடியம் வைத்து, எதிரே வளைந்து நிற்கும் முனையை வெறும் நிக்கலாக விட்ட வகைகளும் உண்டு. பொறியின் தரத்துக்காகச் செய்யப்பட்டவை அவை. எதிர்முனை தேய்ந்துவிடுவதால் ஆயுள் குறைவு. எதிர்முனையிலும் பிளாட்டினப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

பொங்கோல் கணக்கர் எழுதியது:

32 வெள்ளி பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பாடத்துக்கு ஏற்கெனவே கட்டணம் கட்டியவன் நான். இரண்டாண்டுக்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஏறக்குறைய அதே விலைக்கு நான்கு இரிடியம் பிளக்குகள் வாங்கினேன். பெட்டி, அச்சு எல்லாம் கண்ணுக்கு அசலாகவே இருந்தன. ஒன்பதாயிரம் கி.மீ. தாண்டுவதற்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது, ‘இரிடியம்’ முனை வெறும் நிக்கலைக் கூராக்கிச் செய்தது என்று தெரிந்தது. கூர் மழுங்கி, இடைவெளி விரிந்து போயிருந்தது.

அதன்பிறகு அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் நான் கண்ட வேறுபாடுகள் இவை. அசலில் மெல்லிய முனை அடிப்பகுதியோடு சேருமிடத்தில் சீரான பற்றவைப்பு வளையம் தெரியும். போலியில் முனை ஒரே துண்டாகச் சரிந்து கூராகும், சில சமயம் எதிர்முனைக்கு நேராகக்கூட இராது. அசலின் வாஷர் மரையில் சுழலுமே தவிர எளிதில் கழன்று வராது. என் போலிகளில் அது பெட்டிக்குள்ளேயே கழன்று கிடந்தது. மரையை விரலால் தடவினால் பிசிர் குத்தும். மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் மேல்முனைக்கும் நடு மின்முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். மின்தடை உள்ள பிளக் ஏறத்தாழ 5 கிலோ ஓம் அளவில் காட்டும். என்னுடைய நான்கில் இரண்டு கிட்டத்தட்ட சுழியம் காட்டின. வாங்கிய அன்றே அளந்திருந்தால் பணத்தையாவது திரும்பக் கேட்டிருக்கலாம்.

தெம்பனிஸ் ஓட்டுநர் எழுதியது:

எல்லோரும் எல்லைக்கு அப்பால் மலேசியாவிலுள்ள ஜோகூர் பாருவை மறந்துவிட்டீர்கள். நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுபவன். எனக்குத் தெரிந்த உதிரிபாகக் கடையில், சிங்கப்பூரில் சொல்லும் விலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு அதே டென்சோ கிடைக்கிறது. 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு 100 வெள்ளி மதிப்புவரை பொருள் சேவை வரிச் சலுகை உண்டு, நான்கு பிளக்குகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் பிளக்குக்காக மட்டும் போகாதீர்கள். விதிப்படி முக்கால் தொட்டிப் பெட்ரோலோடு கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்று மிச்சம் பிடிக்கும் பணம் கணக்கில் எடுபடாது; எப்படியும் போகிற நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, நீங்களே பொருள் வாங்கிக்கொண்டு போனால் பல பட்டறைகள் கூலியைக் கூட்டும், அல்லது வேலைக்கு உத்தரவாதம் தராது. இதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. பொருள் போலியாக இருந்து எஞ்சின் தகராறு செய்தால் பழி அவர்கள் தலையில்தான் விழும். போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

எங்களைப் போல நாளெல்லாம் ஓட்டுகிறவர்கள் கி.மீ. கணக்கை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பயணிக்காகக் காத்திருக்கும்போதும் குளிரூட்டிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளக்கும் பொறி விட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

ஈசூன்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா, பழைய பட்டறைக்காரரே, இரண்டு சந்தேகங்கள் எஞ்சியுள்ளன. குலுக்கலுக்குக் காரணம் பிளக்தான், அதற்கு மின்னழுத்தம் தரும் காயில் இல்லை என்று எப்படி உறுதி செய்வது? நானே மாற்றினால் எதில் கவனமாக இருக்கவேண்டும்?

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி, ஏனென்றால் பிளக்கை மாற்றிவிட்டு, குலுக்கல் போகவில்லை என்று அடுத்த வாரம் காயிலையும் வாங்கியவர்கள் ஏராளம். உங்கள் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் பிளக்கின் மேலேயே அமர்ந்திருக்கிறது. எஞ்சின் கணினியின் பிழைக்குறிகளைப் படிக்கும் கருவியை வைத்துப் பார்த்து, பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று பொருள். இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறி பி0303க்கு நகர்ந்தால் குற்றவாளி காயில். இரண்டிலேயே நின்றால் பிளக்கையோ வேறு காரணத்தையோ பாருங்கள். தேய்ந்த பிளக்கில் இடைவெளி விரிய விரியப் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால், காயில்களும் கூடுதல் சுமையோடு உழைத்துக் கெடுகின்றன. ஆகவே பிளக்கைத் தள்ளிப்போட்டால் செலவு பிளக்கோடு நிற்காது. மிஸ்ஃபயரோடு மாதக்கணக்கில் ஓட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியில் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும். அதன் விலையைக் கேட்டால் பிளக் விலை உங்களுக்குத் தேநீர்க்காசாகத் தெரியும். பத்தாண்டு தாண்டிய கார் என்பதால் இனி ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகவேண்டும், புகை அளவும் அங்கே பார்க்கப்படும்.

மாற்றும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். எஞ்சின் தலை அலுமினியம், சூட்டோடு முறுக்கினால் மரை பிய்ந்து வரும். காயிலை எடுத்தபின் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழும். புதியதைக் கையாலேயே திருகி, மரை தடையின்றி ஏறுகிறதா என்று பார்த்து, வாஷர் தொட்டபின்தான் கருவியை எடுக்கவேண்டும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் முதலில் கையேட்டில் உங்கள் எஞ்சினுக்குச் சொல்லியிருக்கும் அளவைப் பாருங்கள், 14 மி.மீ. மரைக்கு அலுமினியத் தலையில் என்ஜிகே சொல்லும் பொது அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரைக்கு எண்ணெயோ கிரீசோ பூசாதீர்கள். வழுக்குவதால் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும்போதே பிளக் அதிகமாக முறுக்கப்பட்டிருக்கும். இடைவெளி ஆலையிலேயே சரிசெய்யப்பட்டு வருகிறது. இடைவெளியை அளக்கும் நாணயம்போன்ற வட்ட அளவியை இரிடியம் முனைக்குள் நுழைத்து நெம்பினால் முனை ஒடிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கையும் போடவேண்டாம், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும்.

ஈசூன்வாசி எழுதியது:

சனிக்கிழமை வேலை முடிந்தது. இணையத்தையும் ஜோகூரையும் விட்டுவிட்டு, இங்கேயே ஓர் உதிரிபாகக் கடையில் ரசீதோடு நான்கு எஸ்சி20எச்ஆர்11 வாங்கினேன், 96 வெள்ளி. பொருளைக் கொண்டுவந்தால் கூலி மட்டும் 40 வெள்ளி என்று சொன்ன ஒரு பட்டறையில் மாற்றிக்கொண்டேன். நானே செய்யலாம் என்றிருந்த எண்ணம், டார்க் ரெஞ்ச் விலையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

கழற்றிய பழைய பிளக்குகளும் அதே எண்தான், ஆலையில் மாட்டியதாகவே இருக்கவேண்டும். இடைவெளி 1.4 மி.மீ. வரை விரிந்திருந்தது. ஆனால் இரண்டாவது குழியில் எண்ணெய் தேங்கி, காயிலின் ரப்பர் உறை ஊறிப் போயிருந்தது. வால்வு மூடியின் கேஸ்கெட் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு) கசிகிறதாம். அதை மாற்றாமல் விட்டால் புதுப் பிளக்கும் சில மாதங்களில் அதே நிலைக்கு வரும் என்றார்கள். அடுத்த வாரம் அதற்கு நாள் குறித்திருக்கிறேன். குலுக்கல் இப்போது இல்லை.

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

கேஸ்கெட் மாற்றும்போது பிளக் குழாய்களைச் சுற்றியுள்ள சீல்களின் நிலையையும் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. குழிக்குள் எண்ணெய் வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். ஊறிய ரப்பர் உறையைத் துடைத்துப் போட்டிருந்தால் அதுவும் தளர்ந்துவிட்டதா என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால் பொறி அந்த வழியாகவே வெளியே பாய்ந்துவிடும்.