‘கான்ஜி’ சீனச் சொல்லா, நம்ம கஞ்சியா?

தேக்காவாசி:
சிங்கப்பூர் அங் மோ கியோ உணவங்காடியில் ஒரு சீனர் கடைப் பலகையில் ஆங்கிலத்தில் ‘கான்ஜி’ (congee) என்று பார்த்தேன். கூட வந்த நண்பர், “அது எங்க கேண்டனீஸ் சொல்” என்றார். இல்லை, நம்ம கஞ்சிதான் என்றேன். அவர் நம்பவில்லை. நான் சொன்னது சரிதானே?

ஈசூன் செல்வன்:
அவசரப்படாதீங்க அண்ணே. எதை எடுத்தாலும் தமிழ்தான் மூலம் என்று சொல்லிச் சொல்லித்தான் நம்ம பேச்சு எடுபடாமல் போகுது. ஆங்கில அகராதியில் ‘கான்ஜி’ என்றால் விடைபெறுதல், தலைவணங்குதல் என்றும் இருக்கு. அது லத்தீனின் ‘கொம்மியாட்டஸ்’, பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. கஞ்சியே சமஸ்கிருத ‘காஞ்சிக’மாக இருக்கலாமே?

பாசிர் ரிஸ் பாட்டி:
தம்பி, எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு. வணங்குகிற கான்ஜியை இங்கே சேர்க்காதீங்க. கேண்டனீஸில் கஞ்சிக்கு ‘ஜுக்’, இன்னொரு சீனக் கிளைமொழியான தியோச்சியூவில் ‘மூய்’. ஒலியில் ஒட்டே இல்லை. காஞ்சிகம் என்பது புளிக்க வைத்த நீர். அதை நாம் காடி என்போம், கஞ்சி என்று சொல்வதில்லை.

இந்தச் சொல் போர்த்துகீசியர் வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போனது. கோவாவில் இருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்டா, 1563இல் அச்சான தன் நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் போட்ட அரிசித் தண்ணீர் கொடுப்பதை எழுதி, அதன் பெயர் ‘கான்ஜெ’ என்கிறார். என் பேத்திக்குக் காய்ச்சல் என்றால் நான் வைப்பதும் அதேதான்: நொய்யரிசி குழைந்ததும் மேலே தெளிந்த தண்ணீர், தட்டிய மிளகு, கையில் கசக்கிய சீரகம், கல் உப்பு.

ஈசூன் செல்வன்:
காடி விஷயத்தை ஏற்கிறேன் பாட்டி. ஆனால் அவர் இருந்தது கோவாவில். கொங்கணி, மலையாளத்தை எப்படி ஒதுக்குவது? வாஸ்கோ ட காமா 1498இல் வந்ததே கோழிக்கோட்டுப் பக்கம்தானே!

பாசிர் ரிஸ் பாட்டி:
கொங்கணியில் அது ‘பேஜ்’. கன்னடத்தில் ‘கஞ்ஜி’ உண்டு, ஆனால் முதலெழுத்தைக் ‘கண்’ணில் வரும் ‘க’ போலச் சொல்லாமல் ‘கங்கை’யில் நடுவே வரும் ‘க’ போல அழுத்திச் சொல்வார்கள். மலையாளத்தில் ‘கஞ்ஞி’, அதில் ‘ஜ’ ஒலியே கிடையாது. முதலில் மெலிய ‘க’, நடுவில் ‘ஞ்ஜ’, இரண்டும் சேர்ந்து வருவது இவற்றில் தமிழர் வாயில்தான்.

ஈசூன் செல்வன்:
அந்த ‘ஜ’ நான் யோசிக்காதது. மலையாளிகளிடம் கேட்டதைப் போர்த்துகீசியர் தங்கள் நாக்குக்கு வளைத்திருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் எனக்குப் போகவில்லை.

தேக்காவாசி:
நாளை மதியம் அதே கடைக்குப் போகிறோம். ‘ஜுக்’ என்றே கேட்டு வாங்கிவிட்டு, பாட்டியின் மிளகு சீரகக் கதையை நண்பரிடம் சொல்கிறேன்.