ஆளைக் குறைத்துவிட்டு மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள்: இதுதான் மேற்கத்தியப் பௌத்தமா?

வெட்டிவேர் (நியூ ஜெர்சி):
எங்கள் குழுவில் பதினொரு பேர் இருந்தோம். போன மாதம் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நான்கு பேர் வேலையும் மிச்சம் ஏழு பேர் தலையில். அடுத்த வாரமே மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல்: வியாழன்தோறும் மதியம் அரைமணி நேரம் 'மைண்ட்ஃபுல்னஸ்' (நடப்பதை விழிப்போடு கவனிக்கும் தியானம்) வகுப்பு, சூம் வழியாக. "மனதில் வருவதை எடைபோடாமல் கவனியுங்கள்" என்கிறார் பயிற்றுநர். எடைபோட்டால் கேள்வி கேட்பேனே, அதுதான் பயம் போலிருக்கிறது.

புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில் நற்கடைப்பிடி, அதாவது இந்த மைண்ட்ஃபுல்னஸ், ஏழாவது. அதை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவதான நல்வாழ்க்கை, அதாவது பிழைப்பு யாருக்கும் கேடு செய்யாததாக இருக்க வேண்டும் என்பது, எங்கே போயிற்று? ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு இந்த ஐந்தையும் இல்லறத்தார் விற்கக்கூடாது என்கிறது அங்குத்தர நிகாயம் என்ற பழைய பௌத்த நூல். இங்கே அமெரிக்காவில் போருக்குப் போகும் மரைன் படையினருக்கே இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். மேற்கத்திய வாழ்க்கைக்குப் பௌத்தம் பொருந்துகிறது என்று யாரும் சொல்லாதீர்கள். பொருந்துகிற அளவுக்கு வெட்டித் தைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

செவிலி (லீட்ஸ்):
தம்பி, உங்கள் அலுவலகம் செய்தது அயோக்கியத்தனம். அதற்காகப் பயிற்சியையே திட்டுவதா? 1979-இல் மாசசூசெட்ஸில் வூஸ்டர் மருத்துவமனையில் ஜான் கபாட்-ஸின் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் கம்பெனி ஊழியர்கள் இல்லை. தீராத வலிக்காரர்கள். இதற்குமேல் மருந்தில் ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் அனுப்பிவைத்தவர்கள். எட்டு வாரம், வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம், அதுபோக வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். மதிய உணவு இடைவேளை சமாச்சாரம் அல்ல அது.

பத்தொன்பது வருடமாக நோயாளிகளைத் தூக்கி என் முதுகு போய்விட்டது. நானும் அந்த எட்டு வாரம் போனேன். வலி போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு "நாளைக்கும் இப்படித்தானா, வேலை போய்விடுமா" என்று உருளுவது மட்டும் குறைந்தது. புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: உடம்பில் தைப்பது முதல் அம்பு, அதை நினைத்துப் புலம்பி நாமே குத்திக்கொள்வது இரண்டாவது. எனக்கு இரண்டாவதைத்தான் பிடுங்கினார்கள். அடிக்கடி மனச்சோர்வு திரும்பி வருபவர்களுக்கு இதையொட்டிய சிகிச்சையை 2004-லேயே இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் பரிந்துரைத்துவிட்டது.

வெட்டிவேர்:
அக்கா, அங்கேயே பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2022-இல் முடிவு வெளியிட்டார்களே? வழக்கமான பாடத்தைவிட ஒரு பயனும் கூடுதலாக இல்லை.

செவிலி:
பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை என்றும் அதில் இருக்கிறது. கேட்காத பிள்ளைக்கு ஊட்டினால் துப்பத்தான் செய்யும்.

பழைய ஏடு (சான் ஹோசே):
இரண்டு பேருமே கண்ணை மூடி உட்காருவதுதான் பௌத்தம் என்று எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். ஆசியாவில் இல்லறத்துப் பௌத்தர்கள் பலருக்கும் பௌத்தம் என்றால் தானம், சீலம், விகாரை. தியானம் பெரும்பாலும் பிக்குகள் பாடு. 1885-இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்து அரசரை நாடு கடத்தினார்கள். சாசனத்தை, அதாவது புத்தரின் போதனையை, இனி யார் காப்பது என்ற கவலை பர்மாவில் பெரிதாக எழுந்தது. அந்தக் காலத்தில்தான் லெடி சயாதோ என்ற பிக்கு ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மக்களுக்கு அபிதம்மம் என்ற பௌத்தத் தத்துவமும் தியானமும் கற்பித்தார். அந்த வழியில் வந்தவர் ஊ பா கின். யார் தெரியுமா? 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர்! தன் அலுவலக ஊழியர்களையே உட்கார வைத்துத் தியானம் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மாணவர்தான் விபஸ்ஸனா தியான முகாம்களை உலகெங்கும் பரப்பிய கோயங்கா. ஆகவே வெட்டிவேர், அலுவலகத் தியானம் அமெரிக்கக் கண்டுபிடிப்பு இல்லை.

இன்னொன்று. எங்கள் ஊர் ஜப்பான்டவுனில் நூறு வருடம் தாண்டிய ஜோடோ ஷின்ஷூ என்ற ஜப்பானியப் பௌத்தப் பிரிவின் கோயில் இருக்கிறது. 1899-இல் ஜப்பானிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வந்த குருமார் தொடங்கிவைத்த மரபு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிருந்த ஜப்பானிய வம்சாவளி மக்களை முகாம்களில் அடைத்தார்கள். 'பௌத்த சர்ச்சுகள்' என்று அமெரிக்கக் காதுக்கு ஏற்ப அமைப்பின் பெயரை மாற்றிக்கொண்டதும் 1944-இல் அப்படி ஒரு முகாமில்தான். அந்தக் கோயிலில் மூச்சைக் கவனிப்பது முக்கியமில்லை, அமிதாபர் என்ற புத்தரின் பெயரைச் சொல்வதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு, ஜூலையில் ஓபோன் திருவிழா, இறந்தவர்களை நினைத்துத் தெருவில் நடனம். நான்கைந்து தலைமுறையாக இங்கேயே வாழ்கிறார்கள். மேற்கத்தியப் பௌத்தம் என்று பேசும்போது மட்டும் இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

பனங்கிழங்கு (டொராண்டோ):
வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னிடம் கேட்டார், "நீங்கள் இலங்கையா, எவ்வளவு அமைதியான மதம் அங்கே" என்று. நான் யாழ்ப்பாணம். என்ன சொல்ல? பிரதமர் பண்டாரநாயக்கவை 1959-இல் சுட்டவர் ஒரு பிக்கு என்று தொடங்குவதா, 1972 யாப்பில் பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்ததிலிருந்து தொடங்குவதா? தேநீர் ஆறிவிடும். எனக்குப் புத்தரோடு கோபமில்லை. மணிமேகலை வாசித்து வளர்ந்தவள் நான். ஆனால் இங்கே விற்கிற பௌத்தத்தில் மனிசரும் இல்லை, அரசியலும் இல்லை. அதனால்தான் அது யாருக்கும் அளவாக இருக்கிறது.

வெட்டிவேர்:
ஊ பா கின் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மரபில் முதல் வேலை பஞ்சசீலம் எடுப்பது. கோயங்கா முகாமிலும் பொய், திருட்டு, கொலை கிடையாது என்று உறுதி சொன்ன பிறகுதான் மூச்சுப் பக்கமே போகிறார்கள். அப்புறம், அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரே மேலதிகாரி. எங்கள் மேலாளர் ஒரு வியாழன்கூட வரவில்லை.

செவிலி:
அதைத்தான் அங்கே கேட்க வேண்டும். இங்கே எங்களிடம் சொல்லி என்ன?

வெட்டிவேர்:
இன்று கேட்டேன். எல்லோர் முன்னாலும்தான். பயிற்றுநர் பாவம், ஒப்பந்தத்தில் வந்தவர். "யாருக்குப் பயிற்சி வேண்டும் என்று எனக்கு ஒரு பட்டியல் தந்தார்கள், அதில் மேலாளர்கள் யாருமே இல்லை" என்று சொல்லிவிட்டார். அரை நிமிடம் யாரும் பேசவில்லை. அக்கா, அந்த அரை நிமிடம் மட்டும் நானும் மூச்சைக் கவனித்தேன்.

பனங்கிழங்கு:
அடுத்த வியாழன் வகுப்பு இருக்குமோ?

வெட்டிவேர்:
"மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைப்பு" என்று இப்போதுதான் மின்னஞ்சல் வந்தது.