பறை அடிக்க அடிக்க ஒரு மாடு: சத்தம் கேட்டு வரைந்த ஓவியங்கள், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

சூலூர்க்காரன்:
சத்தத்தைக் கேட்டு வரைகிறேன் என்று யாராவது ஆரம்பித்தாலே நைசாக நழுவிவிடுகிற ஆள் நான். திருப்பூரில் மூடிக்கிடந்த ஒரு பனியன் குடோனில் நண்பர் வரைவதைப் பார்த்த பிறகு அப்படி நழுவ முடியவில்லை. தரையில் நீளமாகக் காடாத்துணி. செம்மண், சுண்ணாம்பு, அடுப்புக்கரி, வண்ணம் அவ்வளவுதான். வாசலில் பறைக்காரர்கள் இரண்டு பேர் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

பறைக்கு இரண்டு குச்சி. ஒன்று குட்டையான அடிக்குச்சி, இன்னொன்று மெல்லிசாக நீண்ட சிண்டுக்குச்சி. நண்பர் பிடித்துக்கொண்டது இந்த இரண்டு சத்தத்தின் வித்தியாசத்தைத்தான். அடிக்குச்சி விழுந்தால் கை நிறையச் செம்மண்ணை அள்ளி அப்புவார். சிண்டுக்குப் பனைநார்த் தூரிகையில் சுண்ணாம்புக் கோடு. அடி வேகமெடுத்ததும் கோடு உடைந்து புள்ளி புள்ளியாகத் தெறித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொம்பு, திமில், கால் என்று ஒரு மாடு திரண்டுவிட்டது. மாடு வரையும் எண்ணமே இல்லையாம். அதை நான் முழுசாக நம்பவில்லை. வேலந்தாவளம் பக்கம் குமிட்டிபதியில், பதிமலைக் குகையின் வெள்ளைக்கோட்டு யானையை அடிக்கடி போய்ப் பார்க்கிற ஆள் அவர்.

குகைக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். 1980களில் இகோர் ரெஸ்னிகாஃப் என்ற இசை ஆய்வாளர் பிரான்சின் நியோ, போர்த்தெல் என்ற கற்கால ஓவியக் குகைகளுக்குள் நின்று பாடிப் பார்த்தாராம். குரல் நன்றாகத் திரும்பி வருகிற இடங்களில்தான் ஓவியங்கள் அதிகம் என்று கண்டார். அவ்வளவு தூரம் போவானேன், பெல்லாரி பக்கம் குப்கல் மலையில் புதிய கற்கால மக்கள் பாறையில் மாடுகளைக் கொத்திவைத்த இடத்திலேயே, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கற்கள் கிடக்கின்றன. தட்டித் தட்டிக் குழிந்த தடமும் அவற்றில் இருக்கிறது.

பெருந்துறை அக்கா:
நான் பார்த்தது இதுக்கு நேர்மாறுங்க தம்பி. கோயமுத்தூரில் ஒரு கண்காட்சி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னார்கள். உள்ளே ஆதிகாலக் காடு என்ற பேரில் ஒரே கீபோர்டு இரைச்சல். சுவரில் பிரான்சின் லாஸ்கோ குகையிலுள்ள கற்கால மாட்டை அப்படியே பார்த்து எழுதின மாதிரி ஒரு படம். அந்தச் சத்தம் படத்தில் எங்கேயுமே படவில்லை. 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரி கேட்டுவிட்டு வந்து ஓவியர் காண்டின்ஸ்கி வரைந்த படத்தைப் பாருங்க. கறுப்புப் பியானோவை மோதிக்கொண்டு மஞ்சள் பாய்கிறது. அதுக்கு ஹெட்போன் எதுக்குங்க? கண்காட்சிக்குக் கூட வந்த என் தம்பி மகள், "அத்தை, இந்த மாடு தூங்குது" என்று சொல்லிவிட்டாள்.

மேட்டுப்பாளையத்தான்:
கோத்தகிரிப் பக்கம் குறும்பர் பழங்குடிக்காரர் ஒருவர் வரைவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வேங்கை மரப் பாலில், தேன் எடுக்க இறங்குகிறவர்களை வரைந்தார். வாய் சும்மா இல்லை, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருந்தார். பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும். அந்தப் பக்கம் கரிக்கையூர்ப் பாறையில் பழைய ஓவியங்கள்மேலேயே பேர் எழுதிக் கிறுக்கிவைத்திருக்கிறார்கள், வயிறு எரிகிறது.

சரி, சூலூர் அண்ணா, ஒரு சந்தேகம். அந்தச் செம்மண் காய்ந்தால் உதிராதுங்களா?

சூலூர்க்காரன்:
கருவேலம்பிசினை ராத்திரியே ஊறவைத்து, துணியில் வடிகட்டிக் கலந்தார்ங்க. பிசின் கூடினால் மண் வெடிக்கும், குறைந்தால் உதிரும். கொஞ்சம் மைதாப் பசை சேர்த்தால் என்ன என்று கேட்டேன். பூச்சி வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்.