மலிவாக மாட்டிய ஸ்பீக்கர், ஆம்ப், இசை மென்பொருள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திண்டுக்கல் கீபோர்டு:

நவம்பர் கடைசி வந்துவிட்டால் இசை மென்பொருள் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைப்பார்கள். இன்னொரு பக்கம், வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய ஸ்பீக்கர், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்று விற்பது வருஷம் முழுக்க நடக்கிறது. எதை எங்கே பிடித்தீர்கள், எங்கே தப்பித்தீர்கள் என்று எழுதுங்கள். முதல் ஆளாக நானே ஆரம்பிக்கிறேன்.

திருவிழாக் கச்சேரி, கல்யாண ரிசப்ஷன் என்று வாசிக்கிறவன் நான். மேடைக்குக் கீபோர்டே போதும். வீட்டில் டிராக் போட உட்காரும்போதுதான் அதில் இருக்கிற வயலினும் புல்லாங்குழலும் பல்லை இளிக்கும். அதனால், பதிவு செய்த நிஜ வாத்திய ஒலிகளைக் கீபோர்டில் வாசிக்க வைக்கும் கான்டாக்ட் என்ற மென்பொருள் மேல் ஒரு கண். முழு விலை 299 டாலர். பொறுத்திருந்தால் பெரும்பாலும் கோடைத் தள்ளுபடியிலோ பிளாக் ஃபிரைடேயிலோ பாதிக்கு வந்துவிடும். அப்படித்தான் வாங்கினேன்.

ஆனால் 149 டாலர் என்று போட்டிருப்பதை ரூபாயில் பெருக்கிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். இந்திய முகவரி கொடுத்ததும் பல தளங்கள் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்க்கின்றன. அதற்கு மேல் கார்டு கொடுத்த வங்கி, வெளிநாட்டுப் பணம் என்று 2 முதல் 3.5 சதவீதம் எடுக்கும். அந்தக் கட்டணத்துக்கும் தனியாக ஜிஎஸ்டி. கூட்டிக் கழித்தால் 149 கிட்டத்தட்ட 180 ஆகிவிடுகிறது. தள்ளுபடியில் ஐந்தில் ஒரு பங்கைத் திரும்பக் கொடுத்த மாதிரிதான். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே ஆன் செய்து வையுங்கள். தள்ளுபடி முடிகிற கடைசி ராத்திரியில் ஓடிபி வராமல் தவித்தவர்கள் எங்கள் குரூப்பிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் தபேலாக்காரர் 20 டாலருக்கு ஒரு நல்ல தாள வாத்திய லைப்ரரி (பதிவு செய்த ஒலிகளின் தொகுப்பு) கண்டுபிடித்து எனக்கும் லிங்க் அனுப்பினார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "முழு கான்டாக்ட் தேவை" என்று இருந்தது. அவரிடம் இருந்தது இலவச கான்டாக்ட் பிளேயர். அதில் திறக்கும், வாசிக்கும், 15 நிமிஷத்தில் ஊமையாகிவிடும். சின்ன கம்பெனிகளின் மலிவான லைப்ரரிகள் பல இந்த ரகம்தான். 20 டாலர் பொருளை வாசிக்க 299 டாலர் கருவி வேண்டும் என்றால் அது மலிவா என்று நீங்களே சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் கொயர்:

பிரதர், காசே செலவழிக்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று நான் சொல்கிறேன்.

எங்கள் சபையில் இருந்த லேப்டாப் 4 ஜிபி ராம் வைத்த பழசு. புது கீபோர்டுக்குக் கமிட்டி பணம் ஒதுக்கவில்லை. சரி, இருக்கிறதை வைத்துச் சமாளிப்போம் என்று இறங்கினேன். பியானோவுக்கு சாலமாண்டர் கிராண்ட் என்று ஒரு சாம்பிள் தொகுப்பு. யமஹா சி5 பியானோவை, மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு சுரம் எடுத்து, மெதுவான அடியிலிருந்து பலமான அடி வரை 16 அடுக்குகளாகப் பதிவு செய்தது. முழுக்க இலவசம். அதைத் திறக்க சஃபோர்சாண்டோ என்ற மென்பொருள், அதுவும் இலவசம். வயலின் கூட்டத்துக்கு ஸ்பிட்ஃபயரின் லேப்ஸ், பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ராவின் டிஸ்கவர் பதிப்பு. டிஸ்கவர் அளவில் ரொம்பச் சின்னது, பழைய லேப்டாப்பும் திணறாமல் தூக்கும். சின்தசைசர் வேண்டுமென்றால் வைட்டல் இருக்கிறது, சர்ஜ் எக்ஸ்டி இருக்கிறது. ரெக்கார்டிங்குக்கு ரீப்பர்: 60 நாள் முழுசாகப் போட்டுப் பார்க்கலாம், பிடித்தால் சின்ன வருமானக்காரர்களுக்கு 60 டாலர்.

காசு கொடுத்து வாங்கியது பியானோடெக் என்ற பியானோ மென்பொருள் மட்டும்தான். அதில் பதிவு செய்த சத்தமே கிடையாது. கம்பி அதிர்வதையும் பலகை முழங்குவதையும் கணக்குப் போட்டு அந்தந்த நொடியில் உண்டாக்குகிறது. மற்ற பியானோ மென்பொருள்கள் பல ஜிபி இடம் கேட்கும், இது ஒரு பாட்டு ஆல்பம் அளவுக்குள் அடங்கிவிடும். எங்களைப் போல பழைய லேப்டாப் வைத்திருக்கிறவர்களுக்கு இதுதான் உண்மையான சேமிப்பு, ஏனென்றால் புது எஸ்எஸ்டியும் ராமும் வாங்கும் செலவு மிச்சம்.

கட்டையை அழுத்தி அரை நொடி கழித்துச் சத்தம் வருகிறது என்று பல பேர் புது சவுண்ட் கார்டு வாங்கக் கிளம்புகிறார்கள். விண்டோஸ் என்றால் முதலில் ஏசியோஃபார்ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு, அதில் பஃபரை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 256க்கு இறக்கிப் பாருங்கள். எங்களுக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

ரிச்சி தெரு வாடிக்கை:

மென்பொருள் எனக்கு ஒத்துவராது. நான் சாலிடரிங் ஆள். அதனால் ஆம்ப், ஸ்பீக்கர் பக்கம் மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

மவுண்ட் ரோடிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்ததும் அசெம்பிள் ஆம்ப் கடைகள் தெரியும். "1000 வாட்ஸ்" என்று ஸ்டிக்கர், நீல எல்இடி, முன்பக்கம் ரிமோட் பேனல். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே 4440 ஐசி போர்டு உட்கார்ந்திருந்தால் மிச்சக் கதை புரிந்துவிடும். சான்யோவின் எல்ஏ4440, கார் ஸ்டீரியோவுக்காக வந்த ஐசி. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இணைத்து பிரிட்ஜ் போட்டால் 19 வாட். அதுவும் சத்தம் கொஞ்சம் உடையும் நிலையில் எடுத்த கணக்கு. கெட்ட ஐசி என்று சொல்லமாட்டேன், சமையலறையில் எஃப்எம் கேட்க அருமையாக இருக்கும். விலை அதற்கேற்ற மாதிரி இருந்தால் வாங்கலாம், ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பெரிய ஆம்ப் கட்டுகிறவர்களுக்கு 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி தெரிந்திருக்கும். தோஷிபா ஒரிஜினல் 230 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கும். தெருவில் பாதி விலைக்கும் கீழே கிடைப்பது பெரும்பாலும் எழுத்தை அழித்து மறுபடி அச்சடித்தது. மேற்பக்கத்தை நகத்தாலோ தின்னர் தொட்ட துணியாலோ தேய்த்தால் எழுத்து மங்கும். ஒன்றை உடைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த சிலிக்கான் துண்டு ஒரிஜினலில் இருப்பதில் பாதி கூட இல்லை. வால்யூம் பாதியில் இருக்கிறவரை உழைக்கும், கல்யாண வீட்டில் ஏற்றி வைத்ததும் ஷார்ட் ஆகி ஊஃபரையும் (கனத்த சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கர்) சேர்த்துக் கொண்டு போகும்.

இப்போது பழைய ஸ்பீக்கர். என் வீட்டில் ஓடுவது ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி வீட்டிலிருந்து வந்த சோனோடைன் ஜோடி. கல்கத்தாக் கம்பெனி, 1970ல் ஆரம்பித்தது. அவர் பையன் புளூடூத் சவுண்ட்பார் வாங்கியதும் இது பரணுக்குப் போய்விட்டது. நான் போனபோது கையில் இருந்தது ஒரு மல்டிமீட்டர், ஒரு பென்டார்ச் செல், அவ்வளவுதான். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 ஓம் பக்கம் காட்டும், 4 ஓம் என்றால் 3க்குச் சற்று மேலே. எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே இருக்கிற காயில் என்ற கம்பிச் சுருள் அறுந்திருக்கிறது. 1.5 வோல்ட் செல்லை முனைகளில் ஒரு தட்டுத் தட்டினால் ஊஃபர் "டப்" என்று அசைய வேண்டும். அடுத்து இரண்டு கையின் விரல்களாலும் கோனைச் சுற்றிச் சமமாக மெதுவாக அழுத்தி விடுங்கள். உள்ளே கரகர என்று உரசினால் காயில் இடம் நகர்ந்திருக்கிறது, பேரம் பேசாமல் எழுந்துவிடலாம். கடைசியாக ஒரு பாட்டைப் போட்டு ட்வீட்டரில் (கூர்மையான சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) காதை வையுங்கள். தூரத்தில் நின்று கேட்டால் செத்த ட்வீட்டர் தெரியாது. ஊஃபரும் நடுச் சத்தத்துக்கான மிட்ரேஞ்சும் சேர்ந்து ஏமாற்றிவிடும்.

கோனின் ஓரத்து ஃபோம் பிய்ந்திருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஃபோம் 15, 20 வருஷத்தில் தானாக உதிரும். ரப்பர் ஓரம் என்றால் அதிகம் உழைக்கும். விற்கிறவர் "ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு" என்று தானே விலையைக் குறைப்பார். மாற்றுவது ஒரு சாயங்கால வேலை.

ஆம்ப் வாங்கப் போனால் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கரை இணைக்காமல், முனைகளில் டிசி வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் போய்விட்டது, மாட்டிய ஸ்பீக்கரை எரிக்கும். நாப் திருகும்போது கரகரப்பு வருவது பெரிய விஷயமில்லை, கான்டாக்ட் கிளீனர் என்ற ஸ்பிரே அடித்தால் போய்விடும். அதைக் காட்டி விலை குறைக்கலாம்.

ஸ்காபரோ ரேடியோ:

ரிச்சி தெரு அண்ணை எழுதினதில ஒன்று சேர்க்கலாம்: பின்பக்கத் தகட்டைப் படியுங்கோ.

இங்க ரொறன்ரோவில பழைய சாமான் கடைகளில, முக்கியமாக வேல்யூ வில்லேஜில, 1970களின் ரிசீவர்கள் (ரேடியோவும் ஆம்பும் ஒரே பெட்டியில), மர அலுமாரி மாதிரி ஸ்பீக்கர்கள், இசைத்தட்டு சுற்றுகிற டர்ன்டேபிள்கள் எல்லாம் அப்பப்ப வரும். வயதானவர்கள் வீடு மாறேக்க பிள்ளைகள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து குடுத்திட்டுப் போவினம். பயோனியர் ரிசீவர் ஒன்று அப்படித்தான் எனக்குச் சரியான மலிவாகக் கிடைத்தது. கடையிலேயே சோதிக்கிற பிளக் இருக்கும், வெட்கப்படாமல் செருகிப் பார்க்க வேணும்.

யாழ்ப்பாணத்தில இருக்கிற மாமாவுக்கு ஒன்று அனுப்ப வேணும் என்று யோசிச்சபோதுதான் தகட்டுப் பிரச்சினை. கனடாவில விற்றது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரில 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ரிசீவர் என்றால் வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும், கொஞ்சம் கூடச் சூடாகும். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரே கல் கனம், கப்பல் பார்சலில எடைக்குக் காசு. பின்பக்கம் வோல்டேஜ் மாற்றுகிற திருகு இருக்கிற மொடல் கிடைச்சால் விடாதேங்கோ.

டர்ன்டேபிள்தான் உண்மையான பொறி. பழைய பெல்ட் வகை பலதில மோட்டரின் வேகத்தை ஹெர்ட்ஸ்தான் முடிவு செய்யும். வோல்டேஜை எவ்வளவு ஒழுங்காகக் குறைத்தாலும் 50 ஹெர்ட்ஸில அது ஆறில ஐந்து பங்கு வேகத்திலதான் சுற்றும். 33 சுற்றுக்குப் பதில் 28 கூட வராது. சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில பாடுகிற அம்மா மூன்று கட்டையில, அதுவும் தூக்கக் கலக்கத்தில பாடுகிற மாதிரி இருக்கும். 50 ஹெர்ட்ஸ் புல்லி (பெல்ட் ஓடுகிற சக்கரம்) தேடிப் போட வேணும், இல்லாட்டி ஹெர்ட்ஸை நம்பாத குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் வகை எடுக்க வேணும். மாமாவுக்குக் கடைசியில ஸ்பீக்கர் சோடிதான் போச்சுது. ஸ்பீக்கருக்கு ஹெர்ட்ஸ் பிரச்சினை இல்லைத்தானே.

சேலம் மிக்ஸிங்:

பழைய லைசென்ஸ் வாங்குவது பற்றி யாரும் எழுதவில்லை. என் பிளகின்களில் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்க்கிற குட்டி மென்பொருள்கள்) பாதி செகண்ட் ஹேண்ட்.

விற்கிறவர் "அக்கவுன்ட் ஈமெயில், பாஸ்வேர்டு தருகிறேன்" என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அவர் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று பட்டனை அமுக்கினால் பொருள் அவருடையது. முறையான லைசென்ஸ் மாற்றம் கம்பெனி வழியாகத்தான் நடக்கும். கான்டாக்ட் செய்கிற நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாற்ற அனுமதிக்கும், ஸ்பிட்ஃபயர் அனுமதிக்காது. ஐலாக் என்ற லைசென்ஸ் பூட்டில் இருக்கிற லைசென்ஸ் என்றால் மாற்ற 25 டாலர் கட்டணம், அதை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். என்எஃப்ஆர் (மறுவிற்பனைக்கு அல்ல) என்று குறித்திருந்தால் அது விமர்சகர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கொடுத்தது, விற்கவே கூடாது.

பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ், மிடி கீபோர்டு வாங்கும்போதும் இதே கதைதான். பெட்டியில் "மென்பொருள் இலவசம்" என்று அச்சடித்திருக்கும், ஆனால் அது பெரும்பாலும் முதலில் பதிவு செய்தவரோடு போய்விடும். வன்பொருளுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

போன வருஷம் ஒரு ஆப்பில் ஸ்டூடியோ மானிட்டர் ஜோடி, கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு. ராணுவத்தில் இருக்கிறாராம், திடீர் மாற்றலாம். போட்டோவில் சீருடை, அடையாள அட்டை எல்லாம் பக்கா. பொருளைப் பார்க்க வருகிறேன் என்றதும் "கேம்ப் உள்ளே விடமாட்டாங்க சார், 500 ரூபா டோக்கன் போடுங்க, லாரியில ஏத்திடுறேன்" என்றார். நேரில் பார்த்தால்தான் பணம் என்று சொன்னேன். "நம்பிக்கை இல்லையா, நானே உங்களுக்கு 1 ரூபா அனுப்புறேன்" என்று ஒரு க்யூஆர் கோடு வந்தது. பணம் வாங்க எந்தக் கோடையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. அதைச் சொன்னதும் மனுஷன் பிளாக் செய்துவிட்டார்.

திண்டுக்கல் கீபோர்டு:

சேலம் சகோ, கிராக் (பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள்) பற்றியும் எழுதுவீர்கள் என்று பார்த்தேன்.

சேலம் மிக்ஸிங்:

எங்கள் பக்கத்து ஸ்டூடியோவில் கிராக் போட்ட மெஷினில், ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வந்து ஒரு படத்தின் பின்னணி இசை ஃபைல் மொத்தமும் பூட்டிக்கொண்டது. பேக்கப் டிஸ்கும் அப்போது அதே மெஷினில் செருகியிருந்தது. அதற்கு மேல் நான் என்ன எழுத?

மார்த்தாண்டம் கொயர்:

வீணை, நாதஸ்வரம் லைப்ரரி வாங்க நினைக்கிற பிரதர்களுக்கு ஒரு வார்த்தை. டெமோ பாட்டைக் கேட்டு வாங்காதீர்கள், அதை வாசித்தவர் நிபுணர். பிட்ச் பெண்ட் (கீபோர்டுச் சக்கரத்தால் சுரத்தை வளைப்பது) எத்தனை அரைச்சுரம் வரை மாற்றலாம் என்று மேனுவலில் பாருங்கள். பல கருவிகளில் பெண்ட் இரண்டு அரைச்சுரத்தில்தான் வைத்திருக்கும். நம்ம கமகத்துக்கு அது எட்டாது. ஐந்து வரை ஏற்ற முடியவில்லை என்றாலோ, ஏற்றினால் சத்தம் பொம்மை மாதிரி ஆகிறது என்றாலோ, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தோடி வராது.

திண்டுக்கல் கீபோர்டு:

ரிச்சி தெரு அண்ணே, உங்களிடம் ஒரு சந்தேகம். இங்கே ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டில் 8 இஞ்ச் ஊஃபர் வைத்த ஜோடி, 3000 ரூபாய் சொல்கிறார். ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. மீட்டரில் இரண்டும் 5.9 காட்டுகிறது, உரசல் இல்லை. எடுக்கலாமா?

ரிச்சி தெரு வாடிக்கை:

எடுங்க தம்பி. புது ஃபோம் ரிங் வாங்கும்போது 8 இஞ்ச் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் கோன் அளவு மாறும். கோனின் விளிம்பு, ஃபிரேமின் உள்விளிம்பு இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து போங்கள். பழைய பசையைச் சுரண்ட அவசரப்பட்டால் கோன் காகிதம் கிழியும், அங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கக் காயட்டும். எல்லாம் சரி, ட்வீட்டரில் காதை வைத்துப் பார்த்தீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.