பாலைவனப் பயணத்தில் எக்ஸாஸ்ஷன் (களைப்பு) ரூலை எப்படி நடத்துகிறீர்கள்?

கேள்வி:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டு, 2014 ரூல்ஸ்தான் ஆடுகிறோம், நான் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). கதை இப்போது பாலைவனத்துக்குள் போகிறது. கடும் வெயிலில், குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் மணிக்கு ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குமா என்று பகடை உருட்டுவது): முதல் மணிக்கு டிசி (எட்டவேண்டிய எண்) 5, அப்புறம் ஒவ்வொரு மணிக்கும் ஒன்று கூடும், தோற்றால் ஒரு லெவல் எக்ஸாஸ்ஷன். அப்படியே வைத்தால் சண்டைக்குப் போகும் முன்பே குழு சுருண்டுவிடும். விட்டுவிட்டால் பாலைவனத்துக்கு அர்த்தமே இல்லை. களைப்பு லெவல் கொடுத்தாலே ஆடுபவர்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
2024 ரூலுக்கு மாறிவிடுங்கள். பழைய அட்டவணையில் முதல் லெவல் எபிலிட்டி செக்குகளை (ஏறுவது, ஒளிவது போன்றவற்றுக்கான உருட்டல்களை) மட்டும்தான் தொடும். அதனால் உளவு பார்க்கிற ரோக் உடனே அடிவாங்குவார், வாள் வீசுகிறவருக்குத் தாக்குதலில் மூன்றாம் லெவல் வரை ஒன்றும் தெரியாது, நான்கில் திடீரென்று ஹெச்பி (உயிர்ப் புள்ளி) உச்சவரம்பு பாதியாகும். 2024இல் ஒவ்வொரு லெவலுக்கும் டி20 டெஸ்ட் (இருபது முகப் பகடை உருட்டும் செக், சேவ், தாக்குதல்) எல்லாவற்றிலும் 2 குறையும், வேகம் 5 அடி குறையும், ஆறாவது லெவலில் சாவு. புத்தகத்தைப் புரட்ட வேண்டியதே இல்லை. ஒரு ஓட்டை மட்டும் உண்டு: எதிரியை சேவ் போட வைக்கும் ஸ்பெல்களையே (மந்திரங்களையே) நம்பியிருப்பவருக்கு இது வலிக்காது, உருட்டுவது எதிரிதானே. 2022 பிளேடெஸ்டில் (சோதனை ரூலில்) எதிரி எட்டவேண்டிய ஸ்பெல் சேவ் டிசியும் சேர்ந்து குறைந்தது, நான் அதையும் எடுத்துக்கொள்கிறேன்.

பதில் 2:
எண்ணை மாற்றினால் மட்டும் போதாது என்பது என் கருத்து. களைப்பு அவர்களே எடுத்த முடிவின் விலையாக வரவேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் சேவ் போடும் ஃபோர்ஸ்டு மார்ச் ரூலைப் பாருங்கள், அங்கே நடப்பதா நிற்பதா என்று ஆடுபவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள், அதனால் தோற்றாலும் யாரும் கோபப்படுவதில்லை. பாலைவனத்தில் அந்த முடிவு தண்ணீரில் இருக்கிறது. வெயிலில் ஆளுக்கு நாளுக்கு 2 கேலன். ஒரு தோல்பையில் அரை கேலன்தான் பிடிக்கும், நிரம்பினால் 5 பவுண்டு. அப்படியென்றால் ஒருவருக்கு ஒரு நாளுக்கே நான்கு பை, 20 பவுண்டு! ஒட்டகம் வாங்குவதா, கவசத்தைக் கழற்றி வைப்பதா, பகலில் நிழலில் கிடந்து இரவில் நடப்பதா என்று அவர்களே வாதாடட்டும். விலை என்ன என்பதை மட்டும் கிளம்பும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
குழுவில் மந்திரம் போடும் கிளெரிக்கோ ட்ரூயிடோ இருந்தால் தண்ணீர் உண்டாக்கும் கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர் இருக்கிறது, முதல் லெவல் ஸ்பெல், 10 கேலன் தரும். ஐந்து பேருக்கு ஒரு நாள் சரியாகப் போகும். தயவுசெய்து அதைத் தடுக்காதீர்கள். தினமும் காலையில் ஒரு ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு, எண்ணிக்கை அளவானது) போகிறதே, அதுவே விலைதான், ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வேண்டும். லாங் ரெஸ்டுக்கு (இரவு முழு ஓய்வுக்கு) ஒரு களைப்பு லெவல்தான் குறையும் என்பதையும் மறக்காதீர்கள். முழு ரெஸ்ட் சோலையில் மட்டும்தான் என்று சிலர் வைப்பார்கள், நல்ல யோசனைதான், ஆனால் மணிக்கொரு சேவோடு சேர்த்து வைத்தால் மீளவே முடியாது. இரண்டில் ஒன்றை எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 2024 ரூல், தண்ணீர்க் கணக்கு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன், சோலை விதி வேண்டாம். ஹெச்பி பூஜ்யத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு களைப்பு லெவல் என்று சிலர் ஆடுகிறார்களே, அதைச் சேர்க்கலாமா?

பதில் 2:
இந்தப் பயணம் முடியும்வரை வேண்டாம். முன்வரிசையில் நின்று அடிவாங்குபவரே அதிலும் மாட்டுவார், வெயில் சேவிலும் மாட்டுவார், கனத்த கவசத்தோடு அதை டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு முறை உருட்டி, குறைந்ததை எடுப்பது) வேறு போடவேண்டும்.