யூரியாவைக் கூட்டினால் மக்காச்சோளத்தின் சத்தும் கூடுமா?

கேள்வி:
பெரம்பலூர்ப் பகுதிக் கரிசலில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பயிரிட்டுள்ளோம். யூரியாவைக் கூட்டினால் மகசூலோடு மணியின் சத்தும் கூடுமா? இளங்குருத்து வெளுத்திருப்பதற்கும் காரணம் கூறுங்கள் ஐயா.

பதில் 1:
யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) போதிய அளவில் கிடைத்தால் மகசூலும் மணியின் புரதமும் உயரும். ஆனால் அவ்வாறு கூடும் புரதத்தில் பெரும்பகுதி லைசின் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் மிகக் குறைந்த ஸீன் என்ற புரத வகையாக இருப்பதால், உணவுத்தரம் அதே அளவில் உயர்வதில்லை. லைசினைப் பெருக்குவது உரத்தைவிட விதை இரகத்தின் வேலை என்றே கருதுகிறேன். தழைச்சத்தை அடியுரமாகக் கால் பங்கும், 25ஆம் நாளில் பாதியும், 45ஆம் நாளில் மீதியுமாகப் பிரித்திடுங்கள்.

பதில் 2:
குருத்து வெளுப்பது பெரும்பாலும் துத்தநாகக் குறைபாடு. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இது வழக்கம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அளவுக்கு மீறி இட்டால் குறைபாடு மேலும் முற்றுவதோடு, மணியிலும் துத்தநாகம் குறையும். அடுத்த போகத்தில் துத்தநாக சல்பேட்டை மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்துடன் சேர்க்காமல், மணலில் கலந்து தனியே தூவுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நிற்கும் பயிருக்கு என்ன செய்யலாம்?

பதில் 2:
0.5 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளிந்த சுண்ணாம்பு நீர் சேர்த்து, மாலையில் இலைவழியாகத் தெளியுங்கள்.