திரைவாசிப்பானோடு பார்ட்டிஷன் அளவை மாற்றுவது: செய்து பார்த்தவர்களின் குறிப்புகள்

ஒரே டிஸ்கில் இரண்டு பார்ட்டிஷன் (தனி டிரைவாகப் பிரித்த பகுதி): சி டிரைவ் நிறைந்துவிட்டது, டி காலியாகக் கிடக்கிறது. டி-யைச் சுருக்கி சி-க்குக் கொடுக்கலாம் என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அங்கேயே சிக்கல். டி-யைச் சுருக்கினால் விடுபடும் இடம் டி-யின் வால் பக்கம் போய் விழும். சி நீள வேண்டுமானால், அதை ஒட்டி அடுத்ததாகவே இடம் இருக்க வேண்டும். நடுவில் டி இருக்கும்வரை சி-யை நீட்டும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கட்டளை கிடைக்காது.

பார்வையுள்ளவர்கள் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியின் கீழ்ப் பாதியில் உள்ள படத்தைப் பார்த்து இதைப் புரிந்துகொள்வார்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பும் நமக்கு அந்தப் படம் ஒழுங்காகப் பேசாது. மேல் பாதியிலுள்ள வால்யூம் பட்டியல் நன்றாகவே படிக்கும், ஆனால் ஒதுக்கப்படாத இடம் (எந்தப் பார்ட்டிஷனிலும் சேராதது) அதில் வராது. வியூ மெனுவில் 'டாப்' துணைமெனுவுக்குப் போய் 'டிஸ்க் லிஸ்ட்' தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு டிஸ்கிலும் ஒதுக்கப்படாத இடம் எவ்வளவு என்று தனிப் பத்தியாக வரும். எவ்வளவு என்றுதான் சொல்லும், எங்கே என்று சொல்லாது.

எங்கே என்று அறிய விண்டோஸின் கட்டளை ஜன்னலான பவர்ஷெல்தான் சரி. 'கெட்-பார்ட்டிஷன்' கட்டளையின் முடிவை 'ஃபார்மட்-லிஸ்ட்'டுக்கு அனுப்பி, டிரைவ் லெட்டர், ஆஃப்செட் (பார்ட்டிஷன் தொடங்கும் இடம்), சைஸ் மூன்றையும் கேளுங்கள். அட்டவணையாக வந்தால் எந்த எண் எந்தப் பத்திக்கு உரியது என்று காதுக்குப் பிடிபடாது. பட்டியலாக வந்தால் வரிக்கு ஒரு விவரம். ஒரு பார்ட்டிஷனின் ஆஃப்செட்டையும் சைஸையும் கூட்டுங்கள். அடுத்ததின் ஆஃப்செட் அதைவிடப் பெரிதும் அதிகமாக இருந்தால், இடைவெளி அங்கேதான்.

ஆக, டி-யில் உள்ளதை வெளி டிரைவுக்குப் படியெடுத்து, சில கோப்புகளைத் திறந்து சரிபார்த்து, டி-யை அழித்து, சி-யை நீட்டி, மீதியில் புது டி. விண்டோஸின் சொந்தக் கருவிகளால் இதுதான் வழி. பார்ட்டிஷனை நகர்த்தித் தரும் வேறு மென்பொருள்கள் உண்டு. சி-யைத் தொடும் வேலை என்றால் அவற்றில் பல, மறுதொடக்கத்தின்போது விண்டோஸ் எழுவதற்கு முன்பே வேலை செய்யும். அந்த நேரத்தில் திரைவாசிப்பான் இருக்காது. பிழைச் செய்தி வந்து நின்றாலும் தெரியாது. வேலை நடக்கிறது என்று அறியாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் தரவு போச்சு. அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

* * *

கட்டளை தட்டி பார்ட்டிஷனை மாற்றும் விண்டோஸின் டிஸ்க்பார்ட் பற்றிச் சேர்க்கிறேன். எழுத்து மட்டுமே உள்ள கருவி, நமக்கு அதுவே பலம். தொடங்கும் முன் ஒன்று: என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவியே வைத்திருங்கள். நிறுவாமல் ஓடும் போர்ட்டபிள் பிரதியைச் சாதாரணமாக இயக்கினால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடும் ஜன்னலில் அது வாய் திறக்காது.

பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தவறான டிஸ்கைத் தொடும் ஆபத்து பாதி குறையும். பிறகு 'லிஸ்ட் வால்யூம்', 'செலக்ட் வால்யூம்' எண்ணோடு, உடனே 'டீடெய்ல் வால்யூம்'. இந்த மூன்றாவதை விடாதீர்கள். தேர்ந்தெடுத்த வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி வரும். குறிகளை எவ்வளவு படிப்பது என்ற நிறுத்தக்குறி அளவு 'நன்' (none, எதுவும் வேண்டாம்) என்று இருந்தால் என்விடிஏ அதைச் சொல்லாமல் தாண்டிவிடும். என்விடிஏ விசையோடு பி அழுத்தி அளவைக் கூட்டலாம். வரி வரியாகத் திரும்பக் கேட்க நம்பேட் 7, 8, 9.

டிஸ்க்பார்ட் 'நிச்சயமா?' என்று கேட்பதில்லை. 'டெலீட்' என்றால் அந்தக் கணமே அழிந்தது. என்டர் தட்டும் முன் கட்டளையை எழுத்தெழுத்தாகக் கேளுங்கள்.

அளவு எம்பியில். 50 ஜிபி என்றால் 50 பெருக்கல் 1024, அதாவது 51200. 'ஷ்ரிங்க் டிசையர்ட்=51200' என்று போடும் முன் 'ஷ்ரிங்க் குவெரிமேக்ஸ்' கேட்டால் அதிகபட்சம் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லும்.

* * *

அந்த அதிகபட்சம் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 200 ஜிபி காலி, சுருங்குவதோ 8 ஜிபிதான் என்று வரும். டிரைவின் கடைசிப் பகுதியில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று கிடப்பதே காரணம்: ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள், டிரைவிலுள்ள கோப்புகளின் பட்டியலான என்டிஎஃப்எஸ்ஸின் எம்எஃப்டி. எது என்று ஊகிக்க வேண்டாம். சுருக்க முயன்ற பிறகு ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவேட்டைத் திறந்து 259 எண் நிகழ்வைப் படியுங்கள். தடுத்த கோப்பின் பெயர் அதில் இருக்கும். ஹைபர்னேஷனை நிறுத்துவது, பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக எடுப்பது, சிஸ்டம் புரொடெக்‌ஷனை அணைப்பது, மறுதொடக்கம், மீண்டும் குவெரிமேக்ஸ். வேலை முடிந்ததும் மூன்றையும் பழையபடி வையுங்கள். எம்எஃப்டி தடுத்தால் இவை எதுவும் உதவாது.

டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் உள்ள கணினியில் 48 இலக்க மீட்பு எண்ணை வேறு இடத்தில் சேமித்துவிட்டே தொடங்குங்கள். அது கேட்கப்படும் நீலத் திரையில் நம் என்விடிஏ இருக்காது.

* * *

டி இல்லாத லேப்டாப்பிலும் சி நீள மறுக்கும். பல கணினிகளில் சி-க்கு அடுத்ததாக, விண்டோஸ் பழுதானால் மீட்க உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன் இருக்கும். டிஸ்க்பார்ட் அதை 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைட்' (override) என்றால்தான் அழிக்கும். அதற்கு முன் 'ரீஏஜென்ட்சி' (reagentc) கட்டளையின் 'டிசேபிள்' கட்டாயம், மீட்புக் கோப்பு சி-க்குள் திரும்பிவிடும். ஓவர்ரைட் எந்தப் பாதுகாப்பையும் மதிக்காது. கணினியை எழுப்ப உதவும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் அதைப் போட்டால் கணினி எழாது.

* * *

லினக்ஸில் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டட் ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓடுவதால் பல நேரம் ஓர்கா திரைவாசிப்பான் அதைப் படிப்பதில்லை. நிறுவாமலே ஓடும் உபுண்டு லைவ் பென்டிரைவில் எழுப்பி, ஆல்ட், சூப்பர், எஸ் சேர்த்து அழுத்தி ஓர்காவைக் கொண்டுவந்து, டெர்மினலில் செய்யுங்கள்.

சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம் (பார்ட்டிஷனுக்குள் கோப்புகளை அடுக்கும் அமைப்பு), பிறகு பார்ட்டிஷன். நீட்டும்போது தலைகீழ். வரிசையை மாற்றினால் ஃபைல் சிஸ்டத்தின் வால் வெட்டுப்படும். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்டி4 என்றால் அன்மவுன்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விடுவித்து), 'இ2எஃப்எஸ்சிகே' சோதனையை முடித்த பிறகே அதன் அளவை மாற்றும் 'ரீசைஸ்2எஃப்எஸ்'. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை நடைமுறையில் சுருக்க முடியாது.

இதில் அலகுதான் பெரிய கண்ணி. ரீசைஸ்2எஃப்எஸ்ஸில் 80ஜி என்பது 1024 கணக்கு. பார்ட்டிஷன் அளவை மாற்றும் கட்டளைக் கருவியான பார்ட்டட்டில் 80ஜிபி என்பது 1000 கணக்கு. முன்னது பின்னதின் கணக்கில் ஏறக்குறைய 85.9. இரண்டிலும் 80 என்று அடித்தால் கிட்டத்தட்ட 6 ஜிபி வெட்டுப்படும். மேலும் பார்ட்டட்டின் 'ரீசைஸ்பார்ட்' கேட்பது அளவை அல்ல, பார்ட்டிஷன் முடியும் இடத்தை. தொடக்கத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும். 80 வேண்டுமானால் ஃபைல் சிஸ்டத்தை 75-க்குச் சுருக்குங்கள். பார்ட்டட்டில் அலகை ஜிஐபி (GiB, 1024 கணக்கு) ஆக்கி, தொடக்கத்தோடு 80 கூட்டிக் கொடுங்கள். கடைசியில் அளவு சொல்லாமல் ரீசைஸ்2எஃப்எஸ் ஒரு முறை ஓட்டினால், மீதி இடத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும்.